கேட்டா எட்டும்

இடி தனக்குக் கேட்காமல் போனது எந்த நாளில் என்று விசில் அக்காவால் சொல்ல முடியாது. ஒரே நாளில் போன விஷயமில்லை. வெயிலில் கிடக்கும் துணியில் சாயம் போவதுபோல் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் போயிருக்க வேண்டும்.

முதலில் அவள் கவனித்தது பம்ப்பைத்தான். நீச்சல் குளத்துக்குப் பின்னால் ஒரு செங்கல் அறை. தண்ணீரை இழுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் பம்ப் அங்கே நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். அதை ஓட்டுகிறவனை எல்லோரும் மீசை என்று கூப்பிடுவார்கள். நடுவயதுக்காரன். உதடு இருக்கும் இடமே தெரியாத அளவுக்கு அடர்ந்த மீசை. ஒருநாள் குளக்கரையில் உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த உறுமல் இல்லை என்று பட்டது. பரவாயில்லை, நல்ல மெக்கானிக்காகப் பிடித்துச் சரிசெய்துவிட்டான் என்று நினைத்தாள். மாலையில் இறங்கிப் போய்ச் சொல்லவும் செய்தாள்.

"என்ன மீசை, பம்ப்பு பூனை மாதிரி ஓடுது. கை வச்சியா?"

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இரண்டு காதிலிருந்தும் பஞ்சை உருவி அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினான். மீசைக்கு அடியில் ஏதோ முணுமுணுப்பு. கிண்டலா அக்கா என்பதாக இருக்கலாம்.

அவள் பம்ப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அதிர்ந்துகொண்டிருந்தது. தோள் வரை அதிர்வு ஏறியது. சிரித்துவிட்டு வந்துவிட்டாள். கிண்டல் என்றே அவன் எடுத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

காது முழுவதும் போகவில்லை. அதுதான் வேடிக்கை. குளத்தில் பெண்கள் அடிக்கும் கூச்சல் கேட்டது. சாவி விழுவது கேட்டது. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போனில் பேசினால், அவள் குரல் கீச்சென்று இருப்பதால், ஒரு சொல் விடாமல் கேட்டது. தன் கழுத்தில் தொங்கும் விசில் எப்போதும்போல் மண்டைக்குள் புகுந்தது. சத்தங்களுக்கு அடிப்பாகம் என்று ஒன்று இருக்கும் போலிருக்கிறது. அது மட்டும் கரைந்துவிட்டது. லாரிகள் மிதந்து போயின. ஆண்கள் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். அவளுக்கு வேலை பெண்கள் நேரத்தில்தான் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டிலும் தெரியவில்லை. அவள் கணவர் சலூன் வைத்திருக்கிறார். காலையிலிருந்து மாலைவரை அடுத்தவர் காதோரம் பேசுவது அவர் தொழிலில் பாதி. வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். கல்யாணமான புதிதில் அவள் சண்டை போட்டிருக்கிறாள். "அங்க பேசினா காசு தர்றாங்க. நீ என்ன தருவ?" என்பார். அந்தக் குறை இப்போது வசதியாகிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரால் மேசையைத் தட்டுவார். அந்த டிங் அவளுக்குக் கேட்கும். ஊரிலுள்ள காதுகளையெல்லாம் மடக்கிப் பிடித்துப் பார்த்தவர், இவள் காதை மட்டும் பார்த்ததில்லை.

குளத்துக்கு அவள் முதலில் வந்தது துண்டு துவைக்கத்தான். கரையிலிருந்து பார்த்துப் பார்த்தே நீந்தக் கற்றுக்கொண்டாள். அப்போது நாற்காலியில் இருந்த பெண் வேலையை விட்டுப் போனபோது, விசிலை வாங்கி ஒருமுறை ஊதிக் காட்டினாள். தெருக்கோடியில் நாய் குரைத்தது. வேலை கிடைத்தது, பட்டப்பெயரும் கிடைத்தது.

அவளுடைய கடமைகளில் முதலாவது குளத்துச் சுவரில் சிவப்பு எழுத்தில் இருந்தது. இடி இடித்தால் உடனே நீரைவிட்டு வெளியேறவும். யார் கேட்பது, யார் சொல்வது என்று அதில் இல்லை. கேட்பவள் அவள்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தக் காலத்தில் அவளுக்கு மற்றவர்களைவிட முன்னால் கேட்கும். அடிவானத்தில் ஒரு பாத்திரம் உருண்டால்கூடத் தலை நிமிர்வாள். "அக்காவுக்கு மேகமே போன் போட்டுச் சொல்லிடுது" என்று பெண்கள் ஈரம் சொட்டச் சொட்ட ஏறி வருவார்கள். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்கும். நாற்காலியின் உயரமும் பிடிக்கும். அங்கிருந்து பார்த்தால் தண்ணீருக்குள் வெயில் வலைபோல் ஆடுவது தெரியும். அதை விட்டு இறங்கினால் மறுபடியும் துண்டு துவைக்கும் அறைதான். ஜன்னல் இல்லாத அறை.

இடி போன பிறகு மின்னல் மட்டும் மிஞ்சியது.

சத்தமில்லாத மின்னல் அவள் இதுவரை அறியாத ஒன்றாக இருந்தது. எதிர்வீட்டில் யாரோ கதவைத் திறந்து உடனே சாத்துவதுபோல் இருக்கும். திறந்த கணத்தில் உள்ளே இருக்கும் வெளிச்சம் கொஞ்சம் தெருவில் சிந்தும். உள்ளே யார் என்று பார்ப்பதற்குள் சாத்திவிடுவார்கள். அவள் ஜன்னல் கம்பியோரம் நின்று அடுத்த தடவைக்காகக் காத்திருப்பாள். பின்னால் கணவர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் திரும்பிப் பார்த்தால், உனக்கு நெஞ்சழுத்தம் என்று முகத்தைச் சுளித்துக் காட்டுவார்.

பயப்பட வேண்டியது சத்தத்துக்கு என்றுதான் சின்ன வயதிலிருந்து அவள் கேட்டு வந்திருந்தாள். இடி விழுந்தது என்றுதான் சொல்வார்கள். இடி விழுந்து மரம் பிளந்தது, இடி விழுந்து மாடு செத்தது. சண்டையில்கூட உன் தலையில் இடி விழ என்று சபிப்பார்களே தவிர, மின்னல் விழ என்று யாரும் திட்டியதில்லை. இப்போது அந்த இடி அவளைப் பொறுத்தவரை எங்குமே விழவில்லை. உலகத்தில் அது நின்றுவிட்டிருந்தது.

வேலையை எப்படிச் சமாளித்தாள் என்றால், தலைகளைப் பார்த்து. குளத்தில் இருபது முப்பது பெண்கள் இருப்பார்கள். எங்கோ இடித்தால் அத்தனை தலைகளும் கோழிகள்போல் ஒரே பக்கம் திரும்பும். திரும்பிய அந்தக் கணமே அவள் ஊதிவிடுவாள். திரும்புவதற்கும் ஊதுவதற்கும் நடுவில் ஒரு மூச்சுதான் இடைவெளி. யாரும் சந்தேகப்படவில்லை.

அவள் கவனிக்காதது ஒன்று இருந்தது. ஒவ்வொரு வருஷமும் தலைகள் திரும்புவது குறைந்துகொண்டே வந்தது. யாராவது ஒருத்தி, "இடிக்குதோ?" என்றால் இன்னொருத்தி, "அக்கா சும்மா உக்காந்திருக்காங்க, பாரு" என்பாள். அப்புறம் நீந்துவார்கள். அவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழைக்காலம் தொடங்கும் முன் வானிலை அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணை மேனேஜர் வரவழைத்தார். பக்கத்து ஊரில் ஒரு விளையாட்டு மைதானத்தில் மின்னல் தாக்கியதாகச் செய்தி வந்திருந்தது. மாடி அறையில் எல்லோரையும் உட்கார வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துத் துடைத்துப் பேசினாள். மெல்லிய குரல் என்பதால் விசில் அக்காவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் துல்லியமாகக் கேட்டது.

"இடி விழுதுன்னு சொல்றோம். இடி விழாது. இடி வெறும் சத்தம், அது ஒரு ஈயைக்கூடக் கொல்லாது. விழுறது மின்னல். அது விழுந்துட்டுப் போன பிறகுதான் இடி வந்து சேருது."

மீசை ஏதோ கேட்டான்.

"அப்போ இடிக்கு எதுக்குப் பயப்படணும்னு கேக்கறாரு. நல்ல கேள்வி. இடி கேக்குதுன்னா அந்த மேகம் உங்களுக்கு எட்டுற தூரத்துல இருக்குன்னு அர்த்தம். அடுத்தது உங்க பக்கத்துல இறங்கலாம். தலைக்கு மேல வானம் நீலமா இருந்தாலும் சரி, ஒரு சொட்டு மழை இல்லைன்னாலும் சரி. தூரத்து இடின்னு ஒண்ணு கிடையவே கிடையாது. கேட்டா எட்டும். அவ்வளவுதான். இதை மட்டும் மனசுல வச்சுக்குங்க."

பலகையில் மூன்று நிறங்களில் வட்டம் போட்டாள். மஞ்சள் என்றால் மேகம் கறுக்கிறது, காற்று திசை மாறுகிறது, கண்ணை வானத்தில் வை. ஆரஞ்சு என்றால் மின்னல் கண்ணில் பட்டுவிட்டது, எல்லோரையும் தண்ணீரிலிருந்து ஏற்று. சிவப்பு என்றால் இடி கேட்டுவிட்டது, சுவரும் கூரையும் உள்ள அறைக்கு ஓடு. மரத்தடி ஆகாது, பக்கம் திறந்த கொட்டகை ஆகாது, குழாயையும் இரும்புக் கதவையும் தொடக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும்வரை வெளியே வரக் கூடாது. நடுவில் இன்னொன்று இடித்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

பிறகு ஒரு சின்ன ஒலிபெருக்கியை மேசையில் வைத்தாள். "பல தூரத்துல பதிவு செஞ்ச இடி இதுல இருக்கு. கேட்டதும் கையத் தூக்குங்க."

விசில் அக்கா தலையை அசைக்கவில்லை. கண்களை மட்டும் திருப்பி மீசையைப் பார்த்தாள். அவன் கையைத் தூக்கினான். அவளும் தூக்கினாள். மறுபடி தூக்கினான், தூக்கினாள். மூன்றாவது தடவை அவன் தூக்கியது தலையைச் சொறிவதற்கு. அவள் கை அதற்குள் மேலே போய்விட்டது.

"அம்மா, நான் இன்னும் போடவே இல்லையே" என்றாள் அந்தப் பெண்.

அறை சிரித்தது. மேனேஜர் எழுந்து நின்று ஏதோ சொன்னார், மறுபடியும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்பதைப் பக்கத்திலிருந்த டிக்கெட் கொடுக்கும் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே திருப்பிச் சொன்னாள். "அவங்களுக்குப் போடறதுக்கு முன்னாடியே கேக்கும் மேடம்ங்கறாரு."

வகுப்பு முடிந்து அந்தப் பெண் படியில் நின்று டீ குடித்தபோது விசில் அக்கா அருகில் போனாள். சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். வாயில் வந்தது வேறு.

"மின்னல் கண்ணுக்குத் தெரியாம இடி மட்டும் வருமாம்மா?"

"பகல்ல அப்படித்தான் வரும். வெயில்ல வெளிச்சம் தெரியாது. மேகம் ஒரு கட்டடத்துக்குப் பின்னாடி நின்னா சுத்தமா ஒண்ணும் தெரியாது. அப்போ காதுதான் துணை."

அன்று வீட்டுக்கு நடந்தபோது கேட்டா எட்டும், கேட்டா எட்டும் என்று காலடி ஒவ்வொன்றும் சொல்லிக்கொண்டே வந்தது. கேட்காதவர்களுக்கு? கேட்காவிட்டால் எட்டாது என்று ஒரு மூலையில் மனசு சமாதானம் சொன்னது. கனவில் தோன்றும் நியாயம்போல் அது கொஞ்ச தூரம் கூட வந்தது. தெருவிளக்கு வந்ததும் காணாமல் போனது.

தபால்காரம்மாவுக்குக் காலில் வீக்கம். காலையிலிருந்து தெருத்தெருவாக நடந்துவிட்டு, மதிய வகுப்புக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் நேரத்துக்கும் நடுவில் குளம் காலியாக இருக்கும்போது வருவாள். நீந்த மாட்டாள். மல்லாந்து மிதப்பாள்.

"அக்கா, இந்தக் கால் ரெண்டும் இப்போ என்னோடது இல்ல. கொஞ்ச நேரம் தண்ணியே வச்சுக்கட்டும்" என்றாள் அன்று.

"மிதந்துட்டே தூங்கிடாதடி."

"தூங்கினா எழுப்பத்தான நீங்க இருக்கீங்க?"

தண்ணீர் அவள் காதுகளுக்கு மேல் ஏறி மூடியது. முகமும் கால் விரல்களும் மட்டும் வெளியே தெரிந்தன. கண் மூடியிருந்தது. முகம் மெதுவாக, கடிகார முள்போல், குளத்தின் நடுவில் திரும்பிக்கொண்டிருந்தது. மேலே வானம் நீலமாக இருந்தது. குளத்தின் மேற்குப் பக்கம் முழுவதையும் நான்கு மாடிக் கட்டடம் மறைத்திருந்தது. அதன் மொட்டைமாடி விளிம்பில் வெள்ளையாக ஒரு மேகத் துணுக்கு தெரிந்தது. துவைத்துப் போட்ட துண்டின் ஓரம் மாதிரி. துண்டின் மற்ற பகுதி எப்படி இருக்கிறது என்று இங்கிருந்து பார்க்க முடியாது.

விசில் அக்கா இரும்பு நாற்காலியின் கைப்பிடியில் கைகளை வைத்தாள். தண்ணீருக்குள் வெயில் வலை ஆடியது. குளத்தில் ஒரே தலை. அதுவும் எந்தச் சத்தத்துக்கும் திரும்பாத தலை. அவளுக்கு லேசாகக் கண் சொருகியது. தூக்கமில்லை. எல்லாச் சத்தத்துக்கும் அடிப்பாகம் இல்லாத உலகத்தில் மதியம் இப்படித்தான் இருக்கும். எதுவும் தரையில் பாவாது.

மீசை பம்ப் அறை வாசலுக்கு வந்து நின்றான். காதில் பஞ்சு இல்லை. கட்டடத்தின் பக்கம் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் பதற்றம் எதுவும் இல்லை. அவள் முகத்திலும் இல்லை. மீசை அசைந்தது. ஏதோ கேட்கிறான். இந்த நேரத்தில் என்ன கேட்பான், சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்பான். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அவனும் தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எட்டிப் பார்த்தான். அவள் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

துண்டின் ஓரம் இப்போது சாம்பல் நிறமாகி, கட்டடத்தின் மேல் கொஞ்சம் சாய்ந்திருந்தது. காற்று நின்றது. வெயில் வலை அறுந்து தண்ணீர் மங்கியது. அவள் முன்னங்கையில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பார்த்தாள். எறும்பு இல்லை. மயிர்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றுகொண்டிருந்தன. நெற்றியோரத்து முடிகள் யாரோ மேலிருந்து மெல்ல இழுப்பதுபோல் தூக்கின. கைப்பிடி இரும்பு உள்ளங்கைக்குள் நடுங்கியது.

அவள் விசிலை வாயில் வைத்து ஊதியபடியே நாற்காலியிலிருந்து குதித்தாள்.

தபால்காரம்மா அசையவில்லை. தண்ணீருக்கு அடியில் இருந்த காதுகளுக்கு விசில் போய்ச் சேரவில்லை. அவள் முகம் நிம்மதியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மறுபடி ஊதினாள். இல்லை. கரையில் நீளக் கழி கிடந்தது. அது உலோகம். தொடவில்லை. சுவரில் மாட்டியிருந்த ரப்பர் வளையத்தை எடுத்து முழு பலத்தோடு வீசினாள். அது தபால்காரம்மாவின் வயிற்றில் விழுந்தது.

"யாருடி அது!" என்று எழுந்தவள் விசில் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். உடனே படியை நோக்கி வந்தாள். படியேறி வந்தவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விசில் அக்கா உடை மாற்றும் அறைக்குள் ஓடினாள்.

வாசல் வெள்ளையானது. சுவர், பெஞ்சு, தபால்காரம்மாவின் ஈர முகம், எல்லாம் எழுதாத தாள்போல் ஒரு கணம் நின்றன. கூடவே ஒரு சத்தம். கெட்டித் துணியை இரண்டாகக் கிழித்ததுபோல். அது விசில் அக்காவுக்கும் கேட்டது. அதற்குப் பின்னால் வர வேண்டிய உருட்டல் மட்டும் அவளுக்கு வரவில்லை. தபால்காரம்மா குனிந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். அந்த நேரம் முழுவதும் விசில் அக்கா நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே, வண்டி நிறுத்துமிடத்து உயர விளக்குக் கம்பத்தின் தலையிலிருந்து புகை வந்தது. ஏதோ கருகிய வாசனை. பிறகு மழை.

பம்ப் அறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்துகொண்டு மீசை வந்தான். முகம் வெளுத்திருந்தது. மீசை கிடுகிடுவென்று அசைந்தது.

"என்ன சொல்றான்?" என்று விசில் அக்கா தபால்காரம்மாவைக் கேட்டாள்.

"மூணு தடவ இடிச்சுதாம். நீங்க ஏன் உக்காந்தே இருந்தீங்கன்னு கேக்கறான்." சொல்லிவிட்டுத் தபால்காரம்மா நிறுத்தினாள். "ஏன்க்கா, அவன் இங்கதான நிக்கிறான். உங்களுக்குக் கேக்கலையா?"

"இல்ல."

"எது இல்ல?"

"இவன் பேசறதும் கேக்கல. இடியும் கேக்கல."

 தகரத்தில் விழும் மழையின் மேல்பாகம் அவளுக்குக் கேட்டது. மீசை அவள் முன்னால் வந்து உட்கார்ந்தான். இரண்டு விரல்களால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உதடுகளைக் காட்டி மெதுவாகப் பேசினான்.

"தூரமான்னு கேட்டேன். ஆமான்னீங்க."

"நீ சாப்டாச்சான்னு கேட்டதா நெனச்சேன்."

அவன் விரல்களை எடுக்காமல் யோசித்தான். "அதான் எப்பப் பாத்தாலும் மீசையைக் குறை, மீசையைக் குறைன்னு உசிர வாங்குனீங்களா?"

"அழகுக்குச் சொன்னேன்னு நெனச்சியா?"

தபால்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குளிரிலும் பயத்திலும் பல் தந்தியடிக்கச் சிரித்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு விசில் அக்கா இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள். தபால்காரம்மா தன் துண்டை அவள் தோளில் போட்டாள்.

"இடி இடிச்சுது, எனக்குத் தெரியும். ஆனா நீங்க உக்காந்திருந்தீங்க. அதனால ஒண்ணுமில்லைன்னு போயிட்டேன்" என்றான் மீசை. தன்னிடமே சொல்வதுபோல் சொன்னதால் அதைத் தபால்காரம்மா எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் உன்னத்தான் பாத்தேன். நீ சும்மா நின்ன. அதனால இடிக்கலைன்னு நெனச்சேன்."

அவன் மறுபடி மீசையைத் தூக்கினான். "யாருக்கும் தெரிய வேண்டாம்க்கா. இனிமே இடிச்சா நான் வாசல்ல வந்து கையைத் தூக்கறேன். நீங்க ஊதுங்க. எப்பவும் போல."

"என் வாயில இருந்து வராது" என்றாள் தபால்காரம்மா. "ஊர்ல எத்தனை வீட்டு விஷயம் எனக்குத் தெரியும். ஒண்ணு வெளிய வந்திருக்கா?"

நாற்காலி திரும்பி வந்துவிட்டது போலிருந்தது. விசில் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நீல வானமும் ஆடும் வலையும் அங்கே அப்படியே இருந்தன.

மேனேஜர் குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் ஓடி வந்தார். ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் அறையின் இரும்புக் கதவுமாக வாசலில் நின்றார். மழுங்கச் சிரைத்த முகம். அவர் உதடுகளில் பாதிக்கு மேல் அவளால் படித்துவிட முடியும்.

"கம்பம் கரிக்கட்டை ஆயிடுச்சுக்கா. நீங்க ஊதலைன்னா இந்தம்மா கதி என்ன? உங்க காதுக்குத் தங்கத்துல தோடு பண்ணிப் போடணும்."

அவள் தோளில் கிடந்த துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஸ்கூல் வேன் கேட்ல வந்து நிக்குது. பிள்ளைங்க உள்ள குதிக்கிறதுங்க, எப்போ எப்போன்னு. மழை விட்டதும் இறக்கலாம்ங்கறாங்க. அரை மணிக் கணக்கை நீங்களே பாத்துச் சொல்லுங்க. கடைசி இடி எப்போ? நீங்க சரின்னாதான் இறக்குவேன்."

பக்கத்தில், மேனேஜர் பார்க்காதபடி, மீசையின் கை மேலே எழுந்தது.

இப்போதுதான் சார் இடித்தது, இன்னும் அரை மணி. இவ்வளவு சொன்னால் போதும். இத்தனை வருஷமாகச் சொன்னதுதான். வாய் திறந்தும்விட்டது. அதற்குள் மீசையின் கை இறங்கித் தலைக்குள் போய்ச் சொறிந்தது. எழுந்தது இடிக்கா, அரிப்புக்கா? அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. எப்போதுமே ஒன்றும் இருந்ததில்லை. அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேனுக்குள் குதிக்கும் பிள்ளைகள் அந்தக் கையில் தொங்கிக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தது.

"எனக்குத் தெரியாது சார். எனக்கு இடி கேக்காது."

மேனேஜர் சிரித்தார். பிறகு மற்ற இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"பொம்பளைங்க குரல் கேக்கும். விசில் கேக்கும். இடி மட்டும் கேக்காது. ரொம்ப வருஷமாச்சு."

"அப்புறம் எப்படி இத்தனை நாள்?"

"தண்ணியில இருக்கறவங்க தலை திரும்பினா ஊதுவேன். இன்னிக்குத் திரும்பத் தலை இல்ல."

அவர் என்னவோ சொல்லத் தொடங்கினார். அவள் கேட்கும் நிலையில் இல்லை. எழுந்து போய் அவர் கையைப் பிடித்தாள்.

"முதல்ல உள்ள வாங்க. அந்தக் கதவ விடுங்க. குடைய மடக்கிக் கீழ போடுங்க. பிள்ளைங்க வேன்லயே இருக்கட்டும், கண்ணாடிய ஏத்திட்டு. அதுக்குள்ள பயமில்ல. டிரைவருக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க."

அவர் வந்தார். சொன்னதையெல்லாம் செய்தார். போனைச் சட்டைப் பையில் போட்ட பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு எதையோ மெதுவாகச் சொன்னார். தபால்காரம்மா அதை எடுத்துச் சொல்லத் தயங்கினாள்.

"சொல்லுடி."

"இனிமே உங்கள நாற்காலியில உக்கார வைக்க முடியாதுங்கறாருக்கா."

"தெரியும்" என்றாள். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினாள். கயிறு முடியில் சிக்கிக்கொண்டது. தபால்காரம்மா எடுத்துவிட்டாள். மேனேஜர் அதைக் கையில் வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

நால்வரும் நடுவில் கிடந்த மரப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சுவரில் சாயவில்லை, குழாய்ப் பக்கம் போகவில்லை. மேலே சிறிய கண்ணாடித் துவாரம் ஒன்று இருந்தது. அதன் வழியாக மழையின் நிறம் தெரிந்தது. வெளியே குளம் தனியாக மழையை வாங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர்மேல் தண்ணீர் விழும் அந்தச் சத்தத்துக்கு அடிப்பாகம் உண்டா என்று அவளுக்கு ஞாபகமில்லை.

"இடிச்சுதா?" என்று கேட்டாள். இப்படி வாய்விட்டு ஒருவரைக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

மீசை தலையை இடம் வலமாக ஆட்டினான்.

கொஞ்ச நேரம் போனது. மேனேஜர் செருப்பிலிருந்து நீர் வழிந்து அவள் காலருகே வந்தது. வேனுக்குள் பிள்ளைகள் பாடத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கீச்சுக் குரல்கள் மழையைத் தாண்டி அவளுக்கு மட்டும் நன்றாகக் கேட்டன போலிருந்தது. மற்றவர்கள் வேறு எதையோ எதிர்பார்த்திருந்தார்கள்.

துவாரத்தில் அந்த எதிர்வீட்டுக் கதவு திறந்து, வெளிச்சம் சிந்தி, மூடியது.

"இப்போ" என்றாள்.

எல்லோரும் மீசையைப் பார்த்தார்கள். அவன் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டான். அவன் இப்படி எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. நேரம் நீண்டது. தபால்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவன் கை எழுந்தது. தலைப்பக்கம் போகாமல், நேராக, கூரையை நோக்கி.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.